எடிசனில் அறை, பென்சில்வேனியாவில் வீடு: துப்பாக்கி உரிமத்துக்கு நான் எந்த மாநிலத்தவன்?

முதலில் கேள்வியைத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கிரீன் கார்டு வைத்திருப்பவர். வேலை நியூஜெர்சி எடிசனில். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே ஒரு வாடகை அறையில் தங்குகிறார். மனைவியும் பிள்ளைகளும் பென்சில்வேனியாவில், சொந்த வீட்டில் இருக்கிறார்கள். வார இறுதி அவருக்கு அங்கேதான். ஒரு கைத்துப்பாக்கி வாங்கி, அதை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் எடுக்க நினைக்கிறார். "யூட்டா மாநில பர்மிட் எடுத்துவிடு, அதற்கு அங்கே குடியிருக்க வேண்டியதில்லை, நிறைய மாநிலங்களில் செல்லும்" என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது போதுமா என்பதுதான் அவர் எழுதிய கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. நான் எந்த மாநிலத்தில் வசிப்பவன் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால்தான் முதல் கேள்விக்கும் பதில் சொல்ல முடியும்.

நான் பென்சில்வேனியாவில் பல ஆண்டுகளாகக் குடியேற்ற வழக்குகளும் குற்றவியல் வழக்குகளும் நடத்திவரும் வழக்கறிஞர். இந்தக் கேள்வி அந்த இரண்டு துறைகளும் சந்திக்கும் இடத்தில் இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நேரடிப் பதில் இதுதான்: போதாது. நியூஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. யூட்டா, புளோரிடா, ஏன் உங்கள் பென்சில்வேனியா உரிமமே ஆனாலும், இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையான டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் அதற்கு மதிப்பில்லை. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நாடு முழுவதற்குமான உரிமம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு மாநிலத்தின் உரிமத்தை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-க்கு 198 என்ற கணக்கில் நிறைவேறியது, ஆனால் செனட்டில் நிறைவேறவில்லை. பணியில் இருக்கும் காவலர்களுக்கும் தகுதியுள்ள ஓய்வுபெற்ற காவலர்களுக்கும் மட்டும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்தச் சலுகையைத் தருகிறது.

மாநிலங்களுக்குப் போவதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. நீங்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே சட்டம் அனுமதிக்கிறதா? இதைச் சொல்வது பெடரல் சட்டம், அதாவது நாடு முழுவதற்குமான மத்திய அரசின் சட்டம். கிரீன் கார்டு உள்ளவருக்கு அனுமதி உண்டு. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்களுக்குப் பொது விதி தடைதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. நம்மவர்களில் சிலர் அதை வைத்துத் துப்பாக்கி வாங்கியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த விலக்கு பெடரல் தடையை மட்டுமே நீக்கும். மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் தர மாநிலம் விதிக்கும் நிபந்தனைகளை அது தொடாது. புளோரிடாவும் வடக்கு கரோலினாவும் குடியுரிமை அல்லது நிரந்தரக் குடியிருப்பு (கிரீன் கார்டு) வேண்டும் என்று தங்கள் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. விசாவில் இருக்கும் நண்பர்கள் இந்தப் பதிலைப் படித்தால், வேட்டை உரிமத்தை மட்டும் நம்பி இடுப்பில் துப்பாக்கி செருகிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் ஒரு காலத்தில் சில மாநிலங்கள் உரிமம் மறுத்தன. கென்டக்கியில் 2008, தெற்கு டகோட்டாவில் 2011, மாசசூசெட்ஸில் 2012, ஹவாயிலும் நியூ மெக்சிகோவிலும் 2014 என்று வரிசையாகப் பெடரல் மாவட்ட நீதிமன்றங்கள் அந்த மறுப்பைச் சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று சொல்லிவிட்டன. ஆகவே உரிமம் என்ற அளவில் உங்கள் நிலை பலமானது. ஆனால் உரிமமே இல்லாமல் எடுத்துச் செல்ல அனுமதிக்கும் மாநிலங்கள் இன்று ஏறக்குறைய முப்பது இருக்கின்றன, அங்கே கவனமாக இருங்கள். உதாரணத்துக்கு ஐடஹோவின் சலுகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் பணியில் இருக்கும் படைவீரர்களுக்கும் மட்டுமே. "அங்கே யாருக்கும் லைசென்ஸ் தேவையில்லை" என்று ஒருவர் சொன்னால், அந்த 'யாருக்கும்' என்பதில் நீங்கள் இருக்கிறீர்களா என்று சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு பதறுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின்படி, துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வாங்கினாலும் வைத்திருந்தாலும் எடுத்துச் சென்றாலும், அதற்காகத் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்தலாம். கிரீன் கார்டு எத்தனை வருடப் பழையது என்ற கணக்கில்லை. குற்றம் சிறியதா பெரியதா என்ற கணக்கும் இந்தப் பிரிவில் இல்லை. பக்கத்து வீட்டு அமெரிக்கர் அபராதத்தோடு தப்பும் இடத்தில் நீங்கள் குடியேற்ற நீதிபதியின் முன் நிற்கலாம். பெடரல் சட்டத்தில் பழங்காலத் துப்பாக்கிகள் விலக்கப்பட்டிருக்கின்றன, சில மாநிலச் சட்டங்களில் அந்த விலக்கு இல்லை. அந்த வித்தியாசத்தை வைத்து, மாநிலச் சட்டத்தில் வந்த தண்டனை இந்தக் குடியேற்றப் பிரிவுக்குள் அடங்காது என்று வழக்கறிஞர்கள் வாதாடுவதுண்டு, சில சமயம் வெல்வதும் உண்டு. அது நெருக்கடி வந்தபின் தேடும் வழி. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

சரி, வசிப்பிடத்துக்கு வருவோம். இங்கே பலரும் தடுமாறுவது, 'வசிப்பவர்' என்பதற்கு ஒரே ஒரு விடைதான் இருக்கும் என்று நினைப்பதால். ஒவ்வொரு சட்டமும் தனக்கு வேண்டியதைத் தனியாகக் கேட்கிறது. துப்பாக்கி வாங்கும்போது பெடரல் விதி கேட்பது ஒன்று. உரிமம் கேட்கும்போது ஷெரிஃப் (கவுன்டியின் சட்ட அமலாக்க அதிகாரி) கேட்பது இன்னொன்று. வருமான வரித்துறை கேட்பது வேறு. நாளைக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, அந்த மாநிலத்தில் அல்லது குடியேற்றத் துறையின் மாவட்டத்தில் மூன்று மாதம் வசித்தீர்களா என்று கேட்பது இன்னும் வேறு. ஒரே மனிதருக்கு இவற்றில் வெவ்வேறு விடைகள் கிடைக்கலாம், அது தவறும் அல்ல. ஆனால் அவை ஒன்றையொன்று பொய்யாக்கக் கூடாது.

வாங்குவதைப் பொறுத்தவரை உங்கள் நிலை எளிது. கைத்துப்பாக்கியை நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான் கடையில் வாங்கிக் கையில் பெற முடியும். ஒரு மாநிலத்தில், அதை வீடாகக் கொள்ளும் எண்ணத்தோடு இருப்பவர் அந்த மாநிலத்தில் வசிப்பவர் என்கிறது பெடரல் விதி. வேட்டைக்கோ விடுமுறைக்கோ வந்து போவது கணக்கில் வராது. அந்த விதி தரும் உதாரணம் ஒன்று கிட்டத்தட்ட உங்களையே பார்த்து எழுதியது போல இருக்கும்: ஒருவருக்கு இரண்டு மாநிலங்களில் வீடு, வார நாட்களில் ஒன்றில், வார இறுதியில் மற்றொன்றில். எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த நேரத்தில் அவர் அந்த மாநிலத்தவர். விடுதியில் தங்கிப் படிக்கும் வெளிமாநில மாணவருக்கும் இதே நியாயம்தான். முன்பு வெளிநாட்டவர் என்றால் அந்த மாநிலத்தில் 90 நாள் தங்கியிருக்க வேண்டும் என்று தனி நிபந்தனை இருந்தது. 2012இல் அதை எடுத்துவிட்டார்கள், இன்னும் பழைய பதில்களில் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆக, சனிக்கிழமை பென்சில்வேனியாக் கடையில் நீங்கள் வாங்கலாம். உங்கள் அடையாள அட்டையில் பென்சில்வேனியா முகவரி இருக்க வேண்டும், தபால் பெட்டி எண் செல்லாது. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் குடியுரிமை பற்றிய கேள்விக்கு அவசரத்தில் 'அமெரிக்கா' என்று குறித்துவிடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொல்வது தனியாகவே நாடு கடத்தலுக்குக் காரணமாகலாம்.

உரிமத்துக்கு வருகிறேன். பென்சில்வேனியாவில் 21 வயது ஆனவர் தான் வசிக்கும் கவுன்டியின் ஷெரிஃபிடம் விண்ணப்பிக்க வேண்டும், பிலடெல்ஃபியா நகரத்தில் மட்டும் காவல்துறையிடம். முடிவு சொல்ல அவர்களுக்கு 45 நாள் அவகாசம். கிடைத்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. வேறு மாநிலத்தில் வசிப்பவர், அந்த மாநிலம் உரிமம் வழங்கும் மாநிலமாக இருந்தால், முதலில் அந்த மாநிலத்து உரிமத்தை வைத்திருக்க வேண்டும். ஷெரிஃப் அலுவலகம் உங்களை நியூஜெர்சிக்காரர் என்று எண்ணிவிட்டால் "நியூஜெர்சி உரிமம் எங்கே?" என்ற கேள்வி வரும். பென்சில்வேனியாவில் வசிப்பவர் என்று ஏற்றுக்கொண்டால் அந்தக் கேள்வியே எழாது. உங்கள் விஷயத்தில் வசிப்பிடம் உண்மையிலேயே எடைபோடப்படுவது இந்த இடத்தில்தான்.

உங்கள் குடும்பம், சொந்த வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் பென்சில்வேனியாவில் இருப்பதால், அங்கே வசிப்பவர் என்று சொல்ல உங்களுக்கு நேர்மையான ஆதாரம் இருக்கிறது. ஒருவருக்கு இரண்டு வீடுகள் இருந்தால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் வழக்கு ஒன்று நன்றாகக் காட்டுகிறது. ஆஸ்டர்வைல் என்பவர் நிரந்தர இருப்பிடத்தை லூசியானாவுக்கு மாற்றிக்கொண்டு, நியூயார்க்கில் ஒரு வீட்டையும் வைத்திருந்தார். நிரந்தர இருப்பிடம் வேறு மாநிலத்தில் இருப்பதால் உரிமம் கிடையாது என்றார் உரிமம் வழங்கும் நீதிபதி. மேல்முறையீட்டில், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் அமர்ந்திருந்த பெடரல் நீதிமன்றம், இந்தச் சட்டத்துக்குப் பொருள் சொல்லுங்கள் என்று நியூயார்க்கின் உச்சபட்ச நீதிமன்றத்தைக் கேட்டது. 2013இல் வந்த பதில்: சட்டம் கேட்பது வசிப்பதை மட்டுமே, நிரந்தர இருப்பிடத்தை அல்ல, பகுதி நேரமாக வசிப்பவரும் விண்ணப்பிக்கலாம். இது நியூயார்க் சட்டத்துக்கான விளக்கம்தான், பென்சில்வேனியா ஷெரிஃபைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒருவர் இரண்டு இடங்களில் வசிக்க முடியும், நிரந்தர இருப்பிடம் ஒன்றுதான் இருக்க முடியும் என்ற வேறுபாட்டை நீதிமன்றங்கள் எப்படிக் கையாள்கின்றன என்று அதில் தெரியும்.

மற்ற மாநிலங்கள் இதை விதவிதமாகச் செய்கின்றன. மிச்சிகன் ஆறு மாதம் வசித்திருக்க வேண்டும் என்கிறது. அந்த மாநில ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் பதிவோ இருந்தால் வசிப்பவராக எண்ணுகிறது. வடக்கு கரோலினாவுக்கு 30 நாள் போதும். தெற்கு கரோலினா, வெளியூர்க்காரர் அங்கே நிலமோ வீடோ சொந்தமாக வைத்திருந்தால் விண்ணப்பத்தை ஏற்கிறது. ஒரேகான், எல்லை தொட்ட மாநிலத்தவருக்குத் தக்க வணிகக் காரணமோ வேறு நியாயமான தேவையோ இருந்தால் ஷெரிஃப் விருப்பப்பட்டுத் தரலாம் என்கிறது. வெர்மான்ட்டில் உரிமமும் இல்லை, அதற்கான அலுவலகமும் இல்லை, அந்த ஊர்க்காரர்களே பிற மாநிலங்களுக்குப் போகும்போது காட்ட வேறெங்காவது உரிமம் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆவணங்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த சிக்கல்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. முதலாவது ஓட்டுநர் உரிமம். நடைமுறையில் அலுவலக ஜன்னலில் அதுதான் பேசும். நியூஜெர்சி ஓட்டுநர் உரிமத்தை நீட்டிக்கொண்டு பென்சில்வேனியாவில் வசிக்கிறேன் என்றால் வாதம் தொடங்கிவிடும். இரண்டாவது வரி. இரண்டு மாநிலங்களுக்கும் 1977இலிருந்து ஓர் உடன்பாடு இருக்கிறது: சம்பளத்துக்கு, வசிக்கும் மாநிலம் மட்டும் வரி வாங்கும். பென்சில்வேனியாவாசி நியூஜெர்சியில் வேலை செய்தால் என்ஜே-165 படிவத்தை நிறுவனத்திடம் கொடுத்து நியூஜெர்சி வரிப் பிடித்தத்தை நிறுத்தலாம். நீங்கள் அதைக் கொடுத்திருக்கிறீர்களா, அல்லது நியூஜெர்சிவாசி என்றே வரி கட்டி வருகிறீர்களா? வரித்துறையிடம் நியூஜெர்சி என்றும் ஷெரிஃபிடம் பென்சில்வேனியா என்றும் கையெழுத்துப் போட்டால், பின்னால் யாராவது ஒப்பிட்டுப் பார்க்கும் நாளில் இரண்டில் ஒன்று பொய்யாகத் தெரியும். உரிம விண்ணப்பத்தில் பொய் சொல்வது குற்றம். மூன்றாவது, முகவரி மாறினால் பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவம் மூலம் சொல்ல வேண்டும். அங்கே எடிசன் அறையின் முகவரி இருக்கிறதா, வீட்டு முகவரியா என்று பாருங்கள்.

நான்காவதுதான் மிக முக்கியம். வசிப்பிடச் சான்றுகளின் பட்டியலில் பல மாநிலங்கள் வாக்காளர் பதிவு அட்டையையும் சேர்த்திருக்கும். பட்டியலைப் பார்த்து அதையும் எடுத்துவிடலாம் என்று தோன்றும், ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் கேட்கும்போது பழக்கத்தில் 'ஆம்' என்று சொல்லிவிடவும் கூடும். கிரீன் கார்டு உள்ளவர் வாக்காளராகப் பதியவே கூடாது. துப்பாக்கி உரிமத்துக்குச் சான்று சேர்க்கப் போய்க் குடியுரிமை வாய்ப்பையே இழக்கும் வழி அது. வீட்டுப் பத்திரம், மின் கட்டண ரசீது, வாகனப் பதிவு, வரிக் கணக்கு இவை போதும்.

அப்புறம் நியூஜெர்சிப் பக்கம். அங்கே உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் சென்றால் குறைந்தபட்சச் சிறைத் தண்டனை கட்டாயம் என்று சொல்லும் சட்டம் இருக்கிறது. 2013 அக்டோபரில் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஓர் இளம்தாய், முறையான பென்சில்வேனியா உரிமத்தோடு, காரில் அட்லாண்டிக் கவுன்டிக்குப் போனார். போக்குவரத்துக் காவலர் நிறுத்தியபோது "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது" என்று அவரே சொன்னார். கைதானார், மூன்று ஆண்டுக்கும் மேலான கட்டாயச் சிறை அவர் முன் நின்றது. நாடு முழுக்கப் பேச்சானபின் 2014இல் விசாரணையும் சிறையும் இல்லாமல் வழக்கை முடிக்கும் ஒரு மாற்றுத் திட்டத்தில் அவர் சேர்க்கப்பட்டார், 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். இந்தக் கதையை "கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டதே" என்று சிலர் சொல்வார்கள். அவர் அமெரிக்கக் குடிமகள். கிரீன் கார்டு உள்ளவருக்கு, துப்பாக்கிக் குற்றத்தின் பேரில் வரும் நாடு கடத்தலை ஆளுநரின் மன்னிப்பு தடுக்காது. மன்னிப்பு வேலை செய்யும் பிரிவுகளைச் சட்டம் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறது, துப்பாக்கிப் பிரிவு அதில் இல்லை.

"பெட்டியில் பூட்டி எடுத்துப் போனால் பெடரல் சட்டம் காப்பாற்றுமே" என்ற பதிலும் உங்களுக்குக் கிடைத்திருக்கும். 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது: துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது, கைக்கு எட்டக் கூடாது, பின்பெட்டி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், முன்னிருக்கைக்கு எதிரே இருக்கும் கையுறைப் பெட்டி (glove box) கணக்கில்லை. ஆனால் கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் அதை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். இது ஒரு மாநிலத்தின் வழியாகக் கடந்துபோகிறவருக்கான சட்டம். எடிசனே உங்கள் சேருமிடம் என்றால், நியூஜெர்சி உரிமம் இல்லாமல் இதன் நிழலில் நிற்க முடியாது. கடந்துபோகிறவருக்கே இது எவ்வளவு மெல்லிய பாதுகாப்பு என்பதற்கு ரெவெல் வழக்கு சாட்சி. யூட்டாவிலிருந்து நியூஜெர்சியின் நியூவார்க் வழியாகப் பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் போக வேண்டியவர் அவர், 2005இல் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு இரவு விடுதியில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் துப்பாக்கி இருப்பதை அவரே சொல்ல, கைதாகிச் சில நாள் சிறையில் இருந்தார். குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஆனால் இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கில் 2010இல் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது: இரவு முழுவதும் துப்பாக்கி கைக்கு எட்டும் நிலையில் இருந்தது, அதனால் பாதுகாப்பு இல்லை. நியூஜெர்சியும் பென்சில்வேனியாவும் அந்த வட்டாரத்துக்குள்தான் வருகின்றன.

நியூஜெர்சி உரிமத்தையே எடுக்க முடியாதா என்றால், இன்று முடியும். "அவசியத் தேவையை நிரூபி" என்ற பழைய நிபந்தனை, 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் ப்ரூவன் வழக்கில் நியூயார்க்கின் இதே போன்ற சட்டத்தைச் செல்லாது என்று சொன்னபின் போய்விட்டது. வெளிமாநிலத்தவரும் அங்கே விண்ணப்பிக்கலாம். பரிந்துரை செய்பவர்கள், பயிற்சி, கட்டணம் எல்லாம் பென்சில்வேனியாவைவிடக் கடினம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எங்கெங்கே துப்பாக்கி கூடாது என்ற பட்டியலும் நீளம், அந்தப் பட்டியல் மீது வழக்குகள் நடந்து வருகின்றன. வாரத்தில் ஐந்து நாள் அங்கே இருக்கும் உங்களுக்கு, நண்பர் சொன்ன யூட்டா பர்மிட்டைவிட இதுதான் பொருத்தமான விண்ணப்பம்.

யூட்டா பர்மிட்டைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அது மோசடி அல்ல, சட்டப்படியான நல்ல உரிமம். ஆனால் 2011இலிருந்து ஒரு நிபந்தனை இருக்கிறது: உங்கள் சொந்த மாநிலம் யூட்டா பர்மிட்டை ஏற்கும் மாநிலமானால், முதலில் சொந்த மாநில உரிமத்தைக் காட்ட வேண்டும். அது கிடைத்தாலும், மிச்சிகன், கொலராடோ போன்ற மாநிலங்கள் வெளிமாநில உரிமத்தை ஏற்பது, அதை வழங்கிய மாநிலத்திலேயே வசிப்பவரிடம் இருந்தால்தான். பென்சில்வேனியாவும் 2013இல் புளோரிடாவுடனான உடன்பாட்டைத் திருத்தி, தன் மக்கள் உள்ளூர் ஷெரிஃபைத் தவிர்த்துவிட்டுப் புளோரிடா உரிமத்தோடு உலவும் வழியை அடைத்தது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. பள்ளி வளாகத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற பெடரல் சட்டம், அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே தந்த உரிமம் உள்ளவருக்கு மட்டும் விலக்கு தருகிறது. பெடரல் துப்பாக்கித் துறையின் விளக்கப்படி, பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளப்பட்ட வெளிமாநில உரிமம் இதற்குப் போதாது. நகரத்துக்குள் கார் ஓட்டுகிறவர் எத்தனை பள்ளிகளைக் கடக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் உறுதியானது. இனி உறுதியில்லாத பகுதி. வெளிமாநிலத்தவருக்கு உரிமமே தர மாட்டேன் என்று ஒரு மாநிலம் சொல்லலாமா? ப்ரூவனுக்கு முன்னால் பதில் 'சொல்லலாம்' என்றே இருந்தது. 2005இல் வர்ஜீனியாக்காரர் ஒருவர் நியூயார்க்குக்கு எதிராகவும், 2013இல் வாஷிங்டன் மாநிலத்தவர் ஒருவர் கொலராடோவுக்கு எதிராகவும் தோற்றார்கள். இல்லினாய் மாநிலம், தன் சட்டத்தோடு ஒத்த சட்டம் உள்ள சில மாநிலத்தவருக்கு மட்டும் உரிமம் தந்ததை 2019இல் ஏழாவது வட்டார நீதிமன்றம் ஏற்றது. எங்கோ வசிப்பவரின் நடத்தையை, மனநல வரலாற்றைத் தொடர்ந்து கண்காணிக்க முடியாது என்பதே மாநிலங்களின் வாதம். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ப்ரூவனுக்குப் பின் நீதிமன்றங்கள் வரலாற்று மரபைக் கேட்கின்றன, நிர்வாக வசதி அதற்கு ஈடாகாது. 2024இல் கலிஃபோர்னியாவில் பெடரல் மாவட்ட நீதிமன்றம் ஒன்று வெளிமாநிலத்தவரின் விண்ணப்பத்தையும் ஏற்கச் சொன்னது. 2025 மார்ச்சில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள் இருவரின் வழக்கில், அதிகாரியின் விருப்பத்துக்கு விட்ட பழைய விதி செல்லாது, தகுதி இருந்தால் தந்தே ஆக வேண்டும் என்ற புதிய விதி செல்லும் என்று பிரித்துச் சொன்னது. என் கணிப்பு, வெளிமாநிலத்தவரை முற்றாக ஒதுக்கும் சட்டங்கள் விழும், அவர்களும் தனியாக உரிமம் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை நிற்கும். இது கணிப்புதான், உச்ச நீதிமன்றம் இன்னும் நேரடியாகப் பேசவில்லை.

ஆறு மாதம் காத்திரு என்பது போன்ற நிபந்தனைகளும் இதே நிலையில்தான் இருக்கின்றன. உண்மையாக வசிக்கிறாரா என்று கேட்பது வேறு, எத்தனை நாளாக வசிக்கிறார் என்று கேட்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் பிற துறைகளில் பிரித்துப் பார்த்திருக்கிறது. 1999இல் கலிஃபோர்னியா புதிதாகக் குடிவந்தவர்களுக்கு உதவித்தொகையைக் குறைத்ததைத் தடுத்தது அந்த நோக்கில்தான். துப்பாக்கி உரிமத்தில் அதைப் பொருத்தினால் பல மாநிலங்களின் காத்திருப்புக் காலம் ஆட்டம் காணும் என்று நினைக்கிறேன். ஆனால் கிரீன் கார்டு உள்ள ஒருவர் அந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆளாக இருக்க வேண்டாம். உரிமம் மறுத்தால் வழக்குப் போடலாம், உரிமம் இல்லாமல் எடுத்துச் சென்றுவிட்டு வாதாடக் கூடாது.

உங்கள் வரிக் கணக்கையும் ஓட்டுநர் உரிமத்தையும் பார்க்காமல் இதற்கு மேல் குறிப்பாகச் சொல்வது முறையாகாது. பொதுவாகச் சொன்னால், இந்த வரிசையில் செய்யச் சொல்வேன்: முதலில் ஓட்டுநர் உரிமம், வரி, ஏஆர்-11 மூன்றும் ஒரே வீட்டைச் சுட்டும்படி சரிசெய்யுங்கள். அப்புறம் உங்கள் கவுன்டி ஷெரிஃபிடம் விண்ணப்பியுங்கள், எடிசனில் வார நாட்களில் தங்குவதைக் கேட்டால் மறைக்காதீர்கள். அந்த உரிமம் வந்தபின் துப்பாக்கியைப் பென்சில்வேனியாவிலேயே வாங்கிப் பென்சில்வேனியா வீட்டிலேயே பூட்டி வையுங்கள். நியூஜெர்சி உரிமம் தனியாகக் கையில் வரும்வரை, திங்கட்கிழமை காலை பாலத்தை நோக்கிக் கிளம்பும் முன் காரின் பின்பெட்டி, இருக்கைக்கு அடி, கணினிப் பை மூன்றையும் ஒருமுறை பாருங்கள். வார இறுதியில் சுடும் பயிற்சிக்குப் போய்வந்த பை அப்படியே காரில் கிடந்துவிடுவது நிறையப் பேருக்கு நடக்கிறது, காலித் தோட்டா உறை கிடந்தால்கூட எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.